இரைச்சலை வென்ற ஆம்ஸ்ட்ராங்

மாலை வேளையில் நெடுஞ்சாலை வழியே மோட்டார் வண்டி ஒன்று விரைந்து செல்கின்றது. வண்டியில் இருப்போர் வானொலியில் இன்னிசை கேட்டு மகிழ்கின்றனர். திடீரென மேற்கு வானில் மின்னல் வெட்டுகின்றது. உடனே இசையின் இடையே படபடவென்று ஓர் இரைச்சல் எழுகின்றது. வண்டி மேட்டில் ஏறுங்கால் பொறியின் வேகத்துக்கு ஏற்ப வேறோர் ஒலி சீறி எழுகின்றது. உயர்மின்னழுத்தக் கம்பிகளின் அடியில் செல்லும்போதோ பாட்டே அமிழ்ந்துபோகின்றது. வானொலி தோன்றிய நாள்தொட்டுப் பல ஆண்டுகள் மக்கள் இவ்வல்லலைப் பொறுத்தே வந்தனர். இயற்கை விதித்த தடை இது. இதனை நீக்க வழியில்லை என்று அறிஞர் பலர் கைவிட்டனர். ஒருவர் மட்டும் கைவிடவில்லை. இருபது ஆண்டுகள் முயன்று, இரைச்சல் புகாத வானொலியை அவர் உலகுக்கு அளித்தார். அவரே எட்வின் ஹோவர்டு ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கப் பொறியியல் அறிஞர்.

இளமைப் பருவம்

ஆம்ஸ்ட்ராங் 1890ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் அமெரிக்கக் கிளையில் பொறுப்பான பதவி வகித்தவர். தாயார் மணம் புரியுமுன் பள்ளியாசிரியையாகப் பணியாற்றியவர். ஆதலின் இல்லத்தில் நூல்களுக்கும் கல்விக்கும் குறைவில்லை. ஆனால், சிறுவனுக்கு எட்டு வயது கடந்த நிலையில் கொடிய காய்ச்சல் ஒன்று கண்டது. அதன் விளைவாக நரம்புத் தளர்ச்சி நேர்ந்தது. அதன்பின் வாழ்நாள் முழுதும், உள்ளம் பரபரப்புறும்போதெல்லாம் அவருடைய தோளும் முகமும் தாமே துடிப்பதுண்டு. இந்நோயின் பொருட்டு இரண்டாண்டுகள் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே அவர் கல்வி பயின்றார். விளையாட்டுத் தோழர் இல்லாத அத்தனிமையில் அவர் தாமே சிந்திக்கவும், தம் கைகளாலேயே செய்து பார்க்கவும் பழகினார்.

பின்னர் அவருடைய குடும்பம் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள யாங்கர்ஸ் என்னும் ஊரில் குடியேறியது. கண்டுபிடிப்புகளைப் பற்றிச் சிறுவர்க்கென எழுதப்பெற்ற நூல் ஒன்றைத் தந்தையார் இலண்டனிலிருந்து வாங்கி வந்து மைந்தனுக்கு அளித்தார். அந்நூல் வித்தாயிற்று. கம்பியில்லாத் தந்தி கண்ட மார்க்கோனியின் வரலாறு ஆம்ஸ்ட்ராங்கின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தாமும் அவ்வழியில் செல்வது என்று அவ்விளைஞர் பதினான்காம் அகவையிலேயே உறுதி பூண்டார். மாடியின் மேலறையே அவருடைய ஆய்வுக்கூடம் ஆயிற்று. தொலைவிலிருந்து வரும் மெல்லிய ஒலிக்குறிகளைக் கேட்பதற்காக 125 அடி உயரமுள்ள கம்பம் ஒன்றை வீட்டின் பின்புறத்தில் தாமே நிறுவினார். கயிற்றில் கட்டிய சிறு பலகையில் அமர்ந்து, அச்சமின்றி அதன் உச்சிக்கு ஏறுவார். உயரத்தில் ஏறும் இவ்வேட்கை பிற்காலத்திலும் அவரை விட்டு அகலவில்லை.

முதற் கண்டுபிடிப்பு

1909ஆம் ஆண்டு அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். நாள்தோறும் யாங்கர்ஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்குச் செல்வது அவர் வழக்கம். பியூப்பின் என்னும் பேராசிரியர் அவருடைய திறமையை உணர்ந்து ஊக்கம் அளித்தார். நூலில் உள்ளது என்பதற்காக எதனையும் ஆம்ஸ்ட்ராங் ஏற்பதில்லை. ஆய்ந்து கண்ட பின்னரே ஏற்பார்.

அந்நாளில் லீ டி ஃபாரஸ்ட் என்பார் 1906இல் அமைத்த மூன்று மின்முனைகளையுடைய வெற்றிடக் குழல் வழக்கில் இருந்தது. ஆனால், அஃது எவ்வாறு இயங்குகின்றது என்பதைத் தெளிவாக அறிந்தார் இலர். ஆம்ஸ்ட்ராங் அதனை நுணுகி ஆராய்ந்தார். குழலிலிருந்து வெளிப்படும் மின்னோட்டத்தின் ஒரு பகுதியை மீண்டும் அதன் நுழைவாயிலுக்கே திருப்பி அனுப்பினால் என்ன நேரும் என்று எண்ணினார். அவ்வாறே அமைத்தும் பார்த்தார். திரும்பி வந்த மின்னோட்டம் மீண்டும் மீண்டும் பெருக்கம் அடைந்தது. செவிக்கு எட்டாத மெல்லிய குறிகள் அறை முழுதும் கேட்குமாறு ஒலித்தன. 1912ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஓரிரவு இவ்வெற்றி கிட்டியது. மகிழ்ச்சி தாங்காமல் உறங்கிக்கொண்டிருந்த தம் தங்கையை எழுப்பி, அச்செய்தியை அவர் கூறினாராம்.

உடனே காப்புரிமை பெறப் பொருள் வேண்டியிருந்தது. கல்லூரிப் படிப்பு முடியட்டும் எனத் தந்தையார் மறுத்துவிட்டார். உறவினர் ஒருவரின் அறிவுரைப்படி, அம்மின்சுற்றின் படத்தை வரைந்து 1913ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள் சான்றுறுதி அலுவலர் முன்னிலையில் கையொப்பம் பெற்று வைத்தார். காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்தது அக்டோபர்த் திங்கள் இறுதியிலேதான். இடையிற் கழிந்த அத்திங்கள்கள் பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துன்பம் விளைத்தன.

1914ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கடுங்குளிரில், நியூ ஜெர்சிக் கடற்கரையில் உள்ள பெல்மார் என்னும் ஊரில் தம் கருவியை இயக்கிக் காட்டினார். அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் உள்ள அயர்லாந்திலிருந்தும், பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாயிலிருந்தும் வந்த குறிகள் தெளிவாகக் கேட்டன. அன்று உடனிருந்து வியந்தவர் டேவிட் சார்னாஃப் என்னும் இளைஞர். அவரே பின்னாளில் ஆர்.சி.ஏ. என்னும் பெரிய வானொலி நிறுவனத்தின் தலைவர் ஆனார். ஆம்ஸ்ட்ராங்குக்கு நண்பராய் வாய்த்த அவரே பின்னர் எதிர்முகாமில் நிற்க நேர்ந்தது.

போர்க்களத்தில் பிறந்த கருவி

முதல் உலகப் போரில் அமெரிக்கா ஈடுபட்டபோது, ஆம்ஸ்ட்ராங் படையின் செய்தித் தொடர்புப் பிரிவில் சேர்ந்து பாரிசு நகருக்குச் சென்றார். ஒருநாள் இரவு பகைவரின் வானூர்திகள் குண்டு வீச வந்தன. அவ்வூர்திகளின் பொறிகளில் எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறிகள் மிக நுண்ணிய வானொலி அலைகளை வெளிவிடுகின்றன; அவற்றைப் பற்றிக்கொள்ள முடிந்தால் பகையூர்தி வருவதை முன்னரே அறியலாமே என அவர் எண்ணினார். ஆனால், அத்துணை உயர்ந்த அதிர்வெண்ணுடைய அலைகளைப் பெருக்குதல் அந்நாளைய குழல்களால் ஆகாது. ஆகவே, வரும் அலையோடு கருவிக்குள்ளேயே உண்டாக்கிய மற்றோர் அலையைக் கலந்து, அதன் அதிர்வெண்ணைக் குறைத்து, குறைந்த அந்நிலையில் பெருக்கும் முறையை அவர் 1918ஆம் ஆண்டில் வகுத்தார். இம்முறைக்குச் சூப்பர்ஹெட்டரோடைன் என்பது பெயர்.

வானூர்தியைக் கண்டறிய இக்கருவி பயன்படுமுன் போர் முடிந்துவிட்டது. ஆயினும், வீட்டு வானொலிக்கு அதுவே உயிராயிற்று. திருகு ஒன்றைத் திருப்பியவுடன் வேண்டும் நிலையம் தெளிவாகக் கேட்பது இம்முறையால் வந்த நன்மையேயாகும். மேஜர் என்னும் பதவிப் பெயரோடும், பிரெஞ்சு அரசு அளித்த செவாலியே விருதோடும் அவர் 1919இல் தாயகம் திரும்பினார். தம் காப்புரிமைகளை விற்றுப் பெருஞ்செல்வர் ஆனார். 1923இல், சார்னாஃபின் செயலாளராக இருந்த மேரியன் என்னும் நங்கையை மணந்தார்.

இரைச்சலோடு போர்

1930ஆம் ஆண்டில் கால்வின் உடன்பிறந்தார் அமைத்த மோட்டாரோலா என்னும் கருவி விற்பனைக்கு வந்தபின், மோட்டார் வண்டிகளில் வானொலி பரவலாயிற்று. வண்டிக்குள் வானொலி புகுந்ததும் இரைச்சலின் கொடுமை மிகத் தெளிவாக விளங்கிற்று. வண்டியின் பொறியில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி தாவுகின்றது. தாவும்தொறும் அது ஒரு சிறு வானொலி நிலையம் போல அலைகளை வீசுகின்றது. வண்டியின் மின்னாக்கியும் தன் பங்குக்கு இரைச்சலைத் தருகின்றது. பொறி வல்லுநர்கள் பற்றவைப்புக் கம்பிகளில் மின்தடைகளை இணைத்தனர். மின்னாக்கிக்கு மின்தேக்கிகளைப் பொருத்தினர். கருவியை இரும்புப் பெட்டிக்குள் அடைத்தனர். இவற்றால் தம் வண்டியின் இரைச்சல் ஓரளவு தணிந்தது. ஆனால், அருகிற் செல்லும் வண்டியின் இரைச்சலையும், வானத்து மின்னலையும் எப்பெட்டிக்குள் அடைப்பது?

இக்கேள்விக்கு விடை காணும் முயற்சியில் ஆம்ஸ்ட்ராங் முன்னரே ஈடுபட்டிருந்தார். அந்நாளில் வானொலி அலையின் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒலியை ஏற்றி அனுப்பினர். இதற்கு வீச்சுப் பண்பேற்றம் என்று பெயர். மின்னலும் மின்பொறியும் செய்வதும் அலையின் உயரத்தை மாற்றுவதேயாகும். எனவே, இசை எது, இரைச்சல் எது என்று பிரித்தறியக் கருவியால் இயலவில்லை. பாலில் நீர் கலந்தாற்போல இரண்டும் ஒன்றாயின. கலந்தபின் பிரிக்க முயல்வதைக் காட்டிலும், கலக்கவே முடியாத வழியில் ஒலியை அனுப்புவதே அறிவுடைமை என்று ஆம்ஸ்ட்ராங் தெளிந்தார். அலையின் உயரத்தை மாற்றாமல் வைத்து, அதன் அதிர்வெண்ணை மட்டும் ஒலிக்கேற்ப மாற்றுவதே அவ்வழி. இதற்கு அதிர்வெண் பண்பேற்றம் என்று பெயர். பண்பலை என்று இன்று நாம் வழங்குவது இதனையே.

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. 1922ஆம் ஆண்டிலேயே கார்சன் என்னும் கணித வல்லுநர் இதனை ஆராய்ந்து, இதனால் பயனில்லை என்று முடிவு கட்டியிருந்தார். ஆனால், அவர் குறுகிய அலைப்பாதையையே கருத்திற் கொண்டார். பாதை குறுகினால் இரைச்சலும் குறையும் என்பது அந்நாளையோர் கொள்கை. ஆம்ஸ்ட்ராங் அதற்கு நேர்மாறாகச் சென்றார். பாதையைப் பன்மடங்கு அகலமாக்கினார். அப்பொழுது இசையால் உண்டாகும் மாற்றம் பேரளவினதாயிற்று. இரைச்சலால் அதிர்வெண்ணில் நேரும் மாற்றமோ மிகச் சிறிதாகவே நின்றது. மேலும், பெறும் கருவியில் அலையின் உயரத்தை ஒரே அளவாக வெட்டிவிடும் பகுதி ஒன்றையும் அவர் அமைத்தார். வேலிக்கு மேல் வளர்ந்த தழையைக் கத்தரிப்பதுபோல, அலையின் தலையில் ஏறிவரும் இரைச்சலை அப்பகுதி வெட்டி வீழ்த்தியது. 1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் இம்முறைக்கு உரிய காப்புரிமைகள் அவருக்குக் கிடைத்தன.

இதற்கிடையே அவர் வாழ்வில் பேரிடி ஒன்று விழுந்தது. அவருடைய முதற் கண்டுபிடிப்பு தமக்கே உரியது என்று டி ஃபாரஸ்ட் உரிமை கோரியதால் எழுந்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 1934ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்டுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மனம் நொந்த ஆம்ஸ்ட்ராங், அக்கண்டுபிடிப்பிற்காக வானொலிப் பொறியாளர் கழகம் முன்பு அளித்த பதக்கத்தைத் திருப்பித்தர முன்வந்தார். கழகத்தார் அதனைப் பெற மறுத்து, பதக்கம் அவருக்கே உரியது என மீண்டும் உறுதிப்படுத்தினர். வழக்கில் தோற்றவர், தொழிலறிந்தோர் உள்ளத்தில் வென்றார்.

உலகோர் வியந்த ஓரிரவு

இரைச்சலைப் போக்கும் ஒரு சிறு கருவியையே சார்னாஃப் எதிர்பார்த்திருந்தார். ஆம்ஸ்ட்ராங் கொணர்ந்ததோ புதியதொரு வானொலி முறை. அதனை ஏற்றால் பழைய நிலையங்களும் பழைய கருவிகளும் பயனற்றுப் போகும். ஆயினும், ஆய்வு செய்ய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் இடம் தரப்பட்டது. 1934ஆம் ஆண்டு சூன் திங்களில் ஒலிபரப்பு தொடங்கியது. இடி மின்னல் நிறைந்த நாட்களிலும் தொலைவில் இருந்தோர்க்கு இசை தெளிவாகக் கேட்டது. எனினும், தொலைக்காட்சி ஆய்வுக்கு இடம் வேண்டும் என்று கூறி, மறு ஆண்டே அவரை அங்கிருந்து வெளியேறச் செய்தனர்.

ஆம்ஸ்ட்ராங் சோர்ந்துவிடவில்லை. 1935ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் நியூயார்க்கில் பொறியாளர் பேரவை கூடியது. அதில் தம் முறையை விளக்கிய அவர், யாங்கர்ஸில் நண்பர் ஒருவர் இல்லத்திலிருந்து வரும் ஒலிபரப்பைக் கேட்கச் செய்தார். நிலையம் அகப்பட்டவுடன் கருவியின் சீற்றம் அடங்கி, அரங்கில் முழு அமைதி நிலவியது. அவ்வமைதியில் குவளையில் நீர் ஊற்றும் ஒலி கேட்டது. தாளைக் கசக்கும் ஒலி கேட்டது. அறைக்குள்ளேயே அவை நிகழ்கின்றனவோ என்று அவையோர் மயங்கினர்.

பின்னர்த் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, நியூ ஜெர்சியில் ஆல்பைன் என்னும் இடத்தில் 400 அடிக்கு மேற்பட்ட கோபுரத்தை எழுப்பினார். 1939இல் அந்நிலையம் முழு ஆற்றலோடு இயங்கியது. 1940ஆம் ஆண்டளவில், டேனியல் நோபிள் என்னும் பேராசிரியரின் முயற்சியால் கனெக்டிகட் மாநிலக் காவலர் வண்டிகளில் இம்முறை இடம்பெற்றது. ஓடும் வண்டியிலிருந்தே காவலர் பேசவும், பொறியின் இரைச்சல் குறுக்கிடாமல் மறுமொழி கேட்கவும் முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் டாங்கிகளிலும் இக்கருவிகள் அமைந்தன. அப்போரின்போது தம் கண்டுபிடிப்புகளைப் படையினர் பயன்படுத்துவதற்குத் தமக்குரிய தொகையை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த பெருந்தன்மை ஆம்ஸ்ட்ராங்குடையது.

துன்பமும் முடிவும்

போர் முடிந்த ஆண்டில் புதிய இடர் வந்தது. பண்பலைக்கு ஒதுக்கியிருந்த 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை அரசின் ஆணையம் 1945இல் மாற்றி, 88 முதல் 108 வரையுள்ள பகுதியை அளித்தது. மக்கள் முன்னர் வாங்கியிருந்த பல இலட்சம் கருவிகள் ஒரே ஆணையால் பயனற்றன. ஆர்.சி.ஏ. நிறுவனமோ அவருக்குப் பிற நிறுவனங்கள் அளித்தது போன்ற உரிமைத் தொகையை அளிக்க இசையவில்லை. 1948இல் ஆம்ஸ்ட்ராங் வழக்குத் தொடுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதற்குள் காப்புரிமையின் காலமும் முடிந்தது. செல்வம் கரைந்தது, உடல் தளர்ந்தது, இல்லறமும் குலைந்தது. துணையற்ற நிலையில், 1954ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள் இரவில் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். முதற் கண்டுபிடிப்பின் படத்தில் சான்று பெற்ற நாளும் அதே சனவரி 31 ஆகும். துன்பத்தைத் தனியே சுமவாது, உற்றாரிடம் பகிர்ந்துகொள்ளுதல் எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்விரவு நமக்கு உணர்த்துகின்றது.

அவர் தொடங்கிய போரை மனைவியார் மேரியன் கைவிடவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஆர்.சி.ஏ. நிறுவனம் பத்து இலட்சம் டாலருக்கு மேல் அளித்து வழக்கை முடித்துக்கொண்டது. எஞ்சிய நிறுவனங்களின்மீது அம்மையார் ஒவ்வொன்றாக வழக்காடி, 1967ஆம் ஆண்டில் இறுதி வெற்றியும் கண்டார். தம் கணவரே பண்பலையின் தந்தை என்பதைச் சட்டத்தின் வாயிலாகவே அவர் நிலைநாட்டினார்.

1952இல் செருமனியின் பிளாபுங்க்ட் நிறுவனம் பண்பலை கேட்கும் மோட்டார் வண்டி வானொலியை வெளியிட்டது. நம் நாட்டில் 1977ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் சென்னையில் முதற் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. இம்முறைக்கும் எல்லை உண்டு. இவ்வலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டிலே செல்வன ஆதலின், மலையும் உயர்ந்த மாடங்களும் குறுக்கிட்டால் ஒலி தடுமாறும். வான்கம்பியை முழுதும் நீட்டி நேராக நிறுத்துதலும், அதன் அடிப்பகுதி துருவேறாமல் வண்டியின் உடலோடு நன்கு பொருந்துமாறு பேணுதலும் அக்குறையை ஓரளவு குறைக்கும். இரைச்சலை வெட்டும் வேலையைக் கருவியே செய்துகொள்ளும்.

இனி மழைநாளில் வண்டியில் செல்லும்போது, மின்னல் வெட்டியும் பாட்டுத் தெளிவாகக் கேட்குமாயின், அத்தெளிவுக்காக ஒருவர் தம் வாழ்வின் இருபது ஆண்டுகளையும், ஈட்டிய செல்வத்தையும் செலவிட்டார் என்பதை நினைவுகூர்தல் வேண்டும். எல்லோரும் முடியாது என்று கைவிட்டதை ஆய்ந்து பாராமல் ஒப்புக்கொள்ளாத உள்ளமே அவருடைய பெருஞ்செல்வம். அச்செல்வத்தை எந்த நீதிமன்றமும் அவரிடமிருந்து பறிக்க இயலவில்லை.